கருவியின் சாட்சியமும் மனிதரின் தீர்ப்பும்

கொழும்பிலே புதுக்கடை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடையன்று, நீதிமன்றமே. சிங்கள மக்கள் அளுத்கடை என வழங்கும் அவ்விடத்தில், ஒல்லாந்தர் இட்ட ஹல்ஸ்டொர்ப் என்னும் பெயரையும் தாங்கி நிற்கும் நீதிமன்றங்களின் படிகளில், நாள்தோறும் எண்ணற்றோர் ஏறி இறங்குகின்றனர். அங்கு நிறுத்துப் பார்க்கப்படும் பண்டங்களுள் தலையாயது மனிதனின் வாய்ச்சொல்லாகும். சாட்சி கூற வந்தவன் அஞ்சலாம், உறவுக்காக மறைக்கலாம், பணத்துக்காகத் திரிக்கலாம். இவை ஒன்றுமில்லையாயினும், வழக்குத் தவணைமேல் தவணையாக ஆண்டுக்கணக்கில் இழுபட, கண்டதையே மறந்து போகலாம். அச்சம், பற்று, ஆசை, மறதி ஆகிய இந்நான்கும் மனித சாட்சியத்தின் பழம்பெரும் பகைகள்.

இந்நான்கு குறைகளும் அற்ற சாட்சி ஒன்று கிடைக்குமாயின் நீதி தானாகவே கிடைத்துவிடுமா? இது வெறுங் கற்பனை வினாவன்று. அத்தகைய சாட்சியை மனிதகுலம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஆக்கத் தொடங்கிவிட்டது. ஆகாய விமானங்களில் வைக்கப்படும் பறப்புப் பதிவுக் கருவியையே குறிப்பிடுகின்றோம். ‘கறுப்புப் பெட்டி’ என்று செய்தித்தாள்கள் அதனை அழைக்கும். ஆனால் அதன் நிறம் சிதைவுகளிடையே எளிதிற் கண்ணிற் படத்தக்க செம்மஞ்சளாகும். அஞ்சாத, கையூட்டுப் பெறாத இச்சாட்சி கூறுவதைக் கொண்டு நாம் எவ்வாறு தீர்ப்பளிக்கின்றோம், அத்தீர்ப்பு எவர்மீது விழுகின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூடிய பொருளொன்றின் உள்ளே உண்மை அடங்கிக் கிடக்கும் என்பது தமிழருக்குப் புதிய கருத்தன்று. சிலப்பதிகாரத்திலே பாண்டியன் அவையில் கண்ணகி தன் சிலம்பை உடைத்தாள், முத்துக்குப் பதிலாக மாணிக்கப் பரல் தெறித்தது, வழக்கு முடிந்தது. ஆயினும் அக்கதையின் பாடம் அவ்வளவில் நின்றுவிடவில்லை. சிலம்பைத் திறந்து பார்க்குமுன்னரே கோவலன் வெட்டுண்டான். ஏன்? பொருள் அவன் கையில் இருந்தது, அவ்வளவே. களவு செய்த பொற்கொல்லன் அரசனின் செவிக்கு அருகில் நின்றான். கடைசியாக எவன் கையில் பொருள் காணப்பட்டதோ அவனே குற்றவாளி என்று தீர்ப்பது அதிகாரத்துக்கு எப்பொழுதும் எளிதாகவே இருந்து வந்திருக்கின்றது. இதனை மனத்திற் கொண்டு பதிவுக் கருவியின் வரலாற்றை நோக்குவோம்.

1953 மே 2ஆம் திகதி, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ‘கொமெற்’ ஜெற் விமானமொன்று புயல் மழையினிடையே வானில் உடைந்து சிதறிற்று. அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். அடுத்த ஆண்டிலே மத்தியதரைக் கடலின்மேல் மேலும் இரண்டு கொமெற் விமானங்கள் வீழ்ந்தன. காரணத்தைக் கூற எவரும் உயிரோடில்லை. உலோகம் களைத்துப் பிளந்தமையே காரணம் என்பதை அறிய, கடலடியிலிருந்து துண்டு துண்டாகச் சிதைவுகளை அள்ளிக் கோக்கவும், முழு விமானமொன்றை நீர்த் தொட்டியில் இட்டு மீண்டும் மீண்டும் அமுக்கிச் சோதிக்கவும் வேண்டியிருந்தது. இவ்விபத்துகளை ஆராய்ந்தோருள் ஒருவர் மெல்பேண் நகர ஆராய்ச்சிக்கூடத்தில் எரிபொருள் இரசாயனவியலாளராகப் பணியாற்றிய டேவிட் வொறன். அவருடைய தந்தையும் 1934இல் பாஸ் நீரிணையில் மறைந்த விமானத்தோடு மறைந்தவரே. விமானியறையின் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் உருக்குக் கம்பியிலே நான்கு மணித்தியாலத்துக்குப் பதிந்து வைக்கும் கருவியை அவர் அந்தப் பத்தாண்டிலேயே செய்து காட்டினார்.

கருவி எவ்வாறு நினைவு வைத்துக் கொள்கின்றது என்பதைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். தொடக்ககாலக் கருவிகளில் உலோகத் தகட்டின்மீது ஊசி கீறிச் செல்லும். உயரம், வேகம், திசை, செங்குத்து முடுக்கம், நேரம் என்ற ஐந்து செய்திகளே அதிற் பதிந்தன. பின்னர் காந்த நாடா வந்தது. 1990களிலிருந்து அசையும் உறுப்பெதுவுமற்ற நினைவகச் சில்லுகள் அவ்விடத்தைப் பிடித்தன. விமானமெங்கும் பரந்துள்ள உணர்கருவிகளின் அளவுகளைச் சேகரிப்புப் பொறியொன்று திரட்டி, ஒன்றும் சுழியமுமாகிய இலக்கங்களாக மாற்றி அனுப்புகின்றது. பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டது ஒரு ‘சொல்’. தொடக்கத்தில் செக்கனுக்கு 64 சொற்களாக இருந்தது பின்னர் 1,024 வரை உயர்ந்தது. ஒவ்வொரு செக்கனின் முதற் சொல்லும் மாறாத அடையாளச் சொல்லாகும். எங்கே தொடங்கி வாசிப்பது என்பதை அது காட்டுகின்றது. நான்கு செக்கன்கள் சேர்ந்தது ஒரு சட்டகம். 25 மணித்தியாலம் நிறைந்ததும் மிகப் பழைய பதிவின்மேல் புதிய பதிவு எழுதப்படும். ஆகவே இக்கருவியும் மறக்கின்றது. எதை, எப்பொழுது மறக்கலாம் என்பதை மட்டும் மனிதர் முன்கூட்டியே வகுத்துள்ளனர்.

இச்சொற்களைத் தமக்குத்தாமே எவரும் வாசித்துவிட முடியாது. இன்ன இடத்திலுள்ள சொல் உயரத்தைக் குறிக்கும், இன்ன இலக்கம் எரிபொருள் ஆளியைக் குறிக்கும் என்று விளக்கும் ஆவணமொன்று தனியே உண்டு. அது இல்லையேல் பெட்டி முழுவதும் வெறும் இலக்கக் குவியலே. இலக்கணமும் அகராதியும் இழந்த மொழியின் கல்வெட்டு எவ்வாறு நிற்குமோ அவ்வாறே அது நிற்கும்.

இனி, இந்நினைவு அழியாதபடி காக்கப்படும் முறை. ஒரு கருவி தகுதிச் சான்று பெறுவதற்கு முன் கொடுஞ் சோதனைகள் பலவற்றைத் தாங்கவேண்டும். புவியீர்ப்பின் 3,400 மடங்கான மோதலை, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஆறரைப் பங்கு நேரம் அது தாங்கவேண்டும். கால் அங்குல உருக்குக் கூர் பொருத்திய 500 இறாத்தல் எடை பத்து அடி உயரத்திலிருந்து அதன்மேல் போடப்படும். 5,000 இறாத்தல் அழுத்தம் ஐந்து நிமிடம் கொடுக்கப்படும். 1,100 பாகை சென்ரிகிரேட் நெருப்பில் ஒரு மணித்தியாலமும், 260 பாகை வெப்பத்தில் பத்து மணித்தியாலமும் கிடத்தப்படும். 6,000 மீற்றர் ஆழத்துக் கடலின் அழுத்தத்தில் 30 நாள் மூழ்கியிருக்க வேண்டும். இவற்றுக்குப் பின்னும் உள்ளிருக்கும் பதிவு வாசிக்கத்தக்கதாய் இருந்தாற்றான் அது ஏற்றுக் கொள்ளப்படும்.

இவ்வெண்கள் ஏதோ பொறியியலாளரின் கற்பனையில் தோன்றியவை என எண்ணிவிடலாகாது. 1950களின் முதல் அமெரிக்க விதி கேட்டது 100 மடங்கு மோதலைத் தாங்கும் ஆற்றலையே. அது பின்னர் 1,000 ஆயிற்று. அதன்பின் 3,400 ஆயிற்று. பதிவு அழிந்துபோன விபத்துகளே விதியை உயர்த்தின. 2009 யூன் 1ஆம் திகதி அத்திலாந்திக் சமுத்திரத்தில் 228 பேருடன் வீழ்ந்த பிரெஞ்சு விமானத்தின் பெட்டிகள், ஏறத்தாழ 3,900 மீற்றர் ஆழத்திலிருந்து 2011 மே மாதத்திலேதான் மீட்கப்பட்டன. அவற்றின் இருப்பிடத்தை அறிவிக்கும் ஒலிச்சாதனம் முப்பது நாளோடு ஓய்ந்து விட்டிருந்தது. அதன் பின்னரே முப்பது நாள் தொண்ணூறு நாளாக்கப்பட்டது. 2024 டிசெம்பர் 29ஆம் திகதி தென்கொரியாவில் 179 பேரைப் பலிகொண்ட விபத்திலோ, பெட்டிகள் கிடைத்தும் இறுதி நான்கு நிமிடங்கள் அவற்றில் இல்லை. அப்பொழுது அவை பதிவதை நிறுத்திவிட்டிருந்தன. சான்று விதியின் ஒவ்வொரு வரியும் இவ்வாறு மாண்டோர் விட்டுச் சென்ற வரியாகும்.

விஞ்ஞானத்தின் சாதனை இது. ஆனால் இங்கிருந்தே அறத்தின் சிக்கலும் தொடங்குகின்றது. வொறனின் கருவியை அவருடைய நாட்டு விமானிகள் மகிழ்ந்து வரவேற்கவில்லை. தம் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்கும் செவியை முதலாளி தம் தலைமேல் வைக்கின்றான் என்று அவர்களுடைய சங்கம் எதிர்த்தது. 1960 யூன் மாதம் அவுஸ்திரேலியாவின் மக்கே நகரருகே 29 பேருடன் விமானமொன்று கடலில் வீழ்ந்து, காரணம் உறுதியாகத் துலங்காத நிலையில், விசாரணை நடத்திய நீதிபதி பதிவுக் கருவி வேண்டுமெனப் பரிந்துரைத்தார். பின்னரே அந்நாட்டில் அது கட்டாயமாயிற்று. விமானிகளின் எதிர்ப்பை விஞ்ஞானத்துக்கு விரோதமான பிடிவாதம் என்று தள்ளிவிடுவது நமக்கு எளிது. தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளக்கும் கருவிகள் அவனைக் காக்க வந்தவை என்றே எங்கும் அறிமுகமாகின்றன என்பதையும், பெரும்பாலும் அவனைத் தண்டிக்கவே பயன்பட்டன என்பதையும் நாம் மறத்தலாகாது. தொழிற்சாலையின் நேரப் பதிவுக் கடிகாரம் தொழிலாளி பிந்தி வந்ததைக் குறிக்கும். கூலி பிந்தி வந்ததைக் குறிப்பதில்லை.

இச்சிக்கலுக்கு நாடுகள் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையைத் தழுவி, 1951இல் ஏற்கப்பட்ட 13ஆம் இணைப்பு விபத்து விசாரணைக்கு நெறி வகுக்கின்றது. விபத்தைத் தடுப்பதே விசாரணையின் ஒரே நோக்கம். பழியையோ பொறுப்பையோ பகிர்ந்தளிப்பது அதன் நோக்கமன்று என்பது அதன் அடிப்படை. விமானியறையின் ஒலிப்பதிவை வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துவதையும் அது கட்டுப்படுத்துகின்றது. புதுக்கடையில் கேட்கப்படும் வினா ‘யார் செய்தான்?’ என்பது, இவ்விசாரணையில் கேட்கப்படும் வினா ‘எவ்வாறு நேர்ந்தது, மீண்டும் நேராதிருக்க யாது செய்யலாம்?’ என்பது. தண்டனைக்கு அஞ்சுபவன் மறைப்பான். மறைத்தால் அடுத்த விமானமும் விழும். ஆதலின் தண்டிக்கும் ஆசையை அடக்கிக் கொள்வது இங்கு இரக்கத்தின்பாற்பட்டது மட்டுமன்று. உண்மையை அறிவதற்கு இன்றியமையாத நிபந்தனையுமாகும்.

எனினும் நாம் இவ்விடத்தில் நின்றுவிட முடியாது. பழி கூறாதிருத்தல் என்ற நல்ல நெறி, பொறுப்பே இல்லை என்ற தீய நெறியாக மாறுவதற்கு அதிக காலம் எடுப்பதில்லை. கீழேயுள்ளவனுக்குப் பழி, மேலேயுள்ளவனுக்குப் ‘பழி கூறாத விசாரணை’ என்ற இரட்டை நீதி உருவாகிவிடக்கூடும். இது எவ்வாறு நிகழும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு.

1978 நவம்பர் 15ஆம் திகதி இரவு, மக்கா யாத்திரை முடித்து இந்தோனேசியா திரும்பிய யாத்திரிகரை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நிறுவனத்தின் டீ.சீ.-8 விமானம் கட்டுநாயக்காவில் இறங்க முயன்றபோது தரையில் மோதிற்று. 262 பேரில் 183 பேர் மாண்டனர். இறங்குவதற்கு விதிக்கப்பட்ட முறைகளை விமானிகள் பின்பற்றாமையே காரணம் என்றது இலங்கை அதிகாரிகளின் முடிவு. நிலையத்தின் வழிகாட்டுக் கருவிகளிலும் தரைக் கட்டுப்பாட்டிலுமே குறை இருந்தது என்றனர் ஐஸ்லாந்து, அமெரிக்கத் தரப்பினர். ஒரே விபத்து, இரண்டு முடிவுகள். விமானியைக் குறை கூறியது விமான நிலையத்துக்கு உரிமையுள்ள நாடு. நிலையத்தைக் குறை கூறியது விமானத்துக்கு உரிமையுள்ள நாடு. இரு சாராருள் எவர் பொய் கூறினார் என்று நாம் தீர்க்க முற்படவில்லை. ஒவ்வொருவர் விரலும் தம் முற்றத்துக்கு வெளியே நீண்டது என்பதை மட்டும் சுட்டுகின்றோம். சாட்சியத்தைக் காப்பவனும் வாசிப்பவனும் வழக்கில் நலன் உடையவனாக இருத்தலாகாது என்ற விதி, ஊர்ப் பஞ்சாயத்துக்கு மட்டுமன்றி உலகப் பஞ்சாயத்துக்கும் வேண்டும்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இதனை மேலும் தெளிவாக்கும். 2025 யூன் 12ஆம் திகதி அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட எயர் இந்தியா விமானம், மேலெழுந்த சில கணங்களில் மருத்துவக் கல்லூரி விடுதியொன்றின்மேல் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். தரையில் இருந்தோரையும் சேர்த்து 260 பேர் மாண்டனர். இரண்டு பதிவுப் பெட்டிகளும் கிடைத்தன. பின்புறத்துப் பெட்டி மிகுந்த சேதமுற்று, வழக்கமான முறையில் வாசிக்கமுடியாதிருந்தது. முன்புறத்துப் பெட்டி பேசிற்று. யூலை மாதம் வெளிவந்த முதனிலை அறிக்கையின்படி, இரண்டு இயந்திரங்களுக்கும் எரிபொருள் செல்லும் ஆளிகள் ஒரு செக்கன் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த நிலைக்கு மாறின. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்கின்றார். தாம் நிறுத்தவில்லை என்று மற்றவர் விடையிறுக்கின்றார். அவ்வறிக்கை காரணம் இதுவென்று எதனையும் தீர்க்கவில்லை. ஆனால் உலகச் செய்தித்தாள்கள் காத்திருக்கவில்லை. மறுமொழி கூற வாயற்ற இறந்த மனிதரை அவை அன்றே கூண்டில் ஏற்றிவிட்டன.

கருவி இங்கே பொய் கூறிற்றா? இல்லை. ஆளியின் நிலை மாறிற்று என்று கூறிற்று. மாறிய கணத்தையும் கூறிற்று. எந்தக் கை, எந்த மனம், கையும் மனமும் அன்றி வேறேதேனுமா என்று அது கூறவில்லை. அவ்வாறு கூறும்படி எவரும் அதனை ஆக்கவுமில்லை. கருவியின் மௌனத்தை நிரப்பியவர்கள் மனிதர்கள். அம்மௌனத்தை அவர்கள் எளிதில் அகப்பட்டவன்மேல் எழுதினார்கள். பாண்டியன் அவையில் நடந்ததும் இதுவே.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றுண்டு. எவற்றைப் பதிவது என்ற பட்டியல் தொழில்நுட்ப ஆவணம் போலத் தோன்றினும், உண்மையில் அஃதோர் அற ஆவணமாகும். ஐந்து செய்திகளோடு தொடங்கிய பட்டியல் இன்று பெரும் விமானங்களில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆயினும் அப்பட்டியலில் உள்ளவை விமானத்தின் உடம்புக்குள் நிகழ்பவையே. விமானி முதல் நாள் எத்தனை மணித்தியாலம் உறங்கினான், பழுது பார்ப்போர் தொகை எப்பொழுது குறைக்கப்பட்டது, எந்த மேசையில் எந்த எச்சரிக்கைக் கடிதம் மடித்து வைக்கப்பட்டது என்பவை அதில் இல்லை. விசாரணையாளர் தேடினால் இவற்றிற் பல வேறு ஏடுகளிற் கிடைக்கும். ஆனால் அந்த ஏடுகள் நெருப்பிலும் கடலிலும் சோதிக்கப்பட்டவையல்ல. தொழிலாளியின் கையசைவுக்கு 1,100 பாகை நெருப்பையும் தாங்கும் பேழை. நிர்வாகத்தின் முடிவுக்கோ எந்த அலமாரியிலும் தொலைந்துபோகக்கூடிய காகிதம். இந்த வேறுபாட்டை இயற்கை விதிக்கவில்லை. சமுதாயம் விதித்தது; சமுதாயமே மாற்றவும் வேண்டும்.

பட்டியலில் இடம்பெறாத பொருள்கள் ஒருபுறமிருக்க, பதிவே எட்டாத மனிதரும் உண்டு. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம் வந்து சேரவில்லை. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி மூடப்பட்டிருந்த போர்க்காலம் அது. 48 பயணிகளும் 7 பணியாளரும் மன்னார்க் கடலோடு மறைந்தனர். விமானம் எங்கே கிடக்கின்றது என்பதே அறியப்படாதவரை, அது சுமந்து சென்ற எந்தச் சாட்சியமும் எவர் கைக்கும் எட்ட வழியில்லை. பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 2012இல், கைதான முன்னாள் விடுதலைப் புலி உறுப்பினர் ஒருவரின் வாய்மொழியைக் கொண்டு இரணைதீவுக்கருகே கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. புலிகளின் ஏவுகணையே அதனை வீழ்த்தியது என்பதும் தெரியவந்தது. மீட்கப்பட்ட உடைகள் 2014 சனவரியில் யாழ்ப்பாணத்திலே உறவினர் பார்வைக்கு வைக்கப்பட்டன.

உப்பு நீரில் பதினைந்து ஆண்டு ஊறிய துணியைக் கண்டு, இது என் மகனுடையது, இது என் மனைவியுடையது என்று அடையாளங்காணும்படி கேட்கப்பட்ட மனிதரை வாசகர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். உலகின் மிக உயர்ந்த சான்று விதிகளின்படி ஆக்கப்பட்ட பேழைகள் ஒருபுறம். இவர்களுக்கு வாய்த்த சாட்சியம் ஒரு சட்டையின் கரை. இறந்தோர் தமிழரின் பெயரால் போரிட்டோராலேயே வீழ்த்தப்பட்டனர் என்பது அவர்களை நினைவுகூர்வதற்குத் தடையாகலாமா? நமக்கு உவப்பான சாட்சியத்தை மட்டும் பேணி, உவப்பற்றதைக் கடலடியில் விட்டுவிடுவோமாயின், அரசுகளின் மௌனத்தைக் கண்டிக்க நமக்கு என்ன தகுதி? கறுப்புப் பெட்டியிடம் நாம் கற்கவேண்டிய முதற் பண்பு, பக்கம் பாராமற் பதிதலே.

இவை எல்லாம் ஆகாயத்தில் நிகழ்பவை. நமக்கென்ன என்று ஆசிரியராகிய நாம் இருந்துவிடலாகாது. நம் கையிலும் ஒரு பதிவுக் கருவி நாள்தோறும் இருக்கின்றது. அது வரவுப் பதிவேடு. கொட்டாஞ்சேனைத் தோட்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளை வராத நாளில் நாம் ஒரு குறியிடுகின்றோம். மழைக்கு வீட்டுக்குள் வெள்ளம் வந்ததா, பஸ்ஸுக்குக் காசில்லையா, தாய் வேலைக்குப் போகத் தம்பியைப் பார்த்துக்கொண்டு இருந்ததா என்பதற்கு அவ்வேட்டில் நிரல் இல்லை. ஆண்டிறுதியில் அக்குறிகளைக் கூட்டி, பிள்ளை ஒழுங்கற்றது என்று தீர்ப்பெழுதுகின்றோம். ஏடு பொய் கூறவில்லை; பிள்ளை வரவில்லை என்றே கூறிற்று. மிகுதியை எழுதியவர்கள் நாம்.

ஆதலின் மூன்று கடமைகள் நமக்கு உண்டு. சாட்சியத்தை அழியாமற் காக்கவேண்டும். அதனை நலனுடையோர் கையில் விட்டுவிடலாகாது. எதைப் பதிவது என்று தீர்மானிக்கும் அவையில், பதிவுக்கு உள்ளாகும் மனிதருக்கும் இடம் வேண்டும். முதலாவதை விஞ்ஞானம் பெரும்பாலும் செய்து தந்துவிட்டது. இரண்டாவது அரை வழியில் நிற்கின்றது. மூன்றாவது இன்னும் தொடங்கப்படவில்லை. அதைத் தொடங்குவதற்கு விமானம் விழவேண்டுமென்பதில்லை. நாளைக் காலை வகுப்பில் வரவுப் பதிவேட்டைத் திறக்கும்போது, வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே, ஏன் என்ற ஒரு நிரலைக் கோடிட்டுச் சேர்த்தாலே போதும்.